தோற்றவன் கை கழுவ வேண்டும்

எங்கள் சோப்பு ஃபேக்டரியின் சாப்பாட்டு அறையில் ஒரு சட்டம் இருந்தது. செஸ்ஸில் தோற்றவன் குழாயடிக்குப் போய், தன் ராஜாவைத் தேய்த்துத்தான் கை கழுவ வேண்டும். எழுதி ஒட்டிய சட்டம் இல்லை. எழுதி ஒட்டிய சட்டங்களை அங்கே யாரும் மதித்ததும் இல்லை.

காய்கள் எல்லாம் சோப்பு. நான் வெட்டியவை. எனக்கு அங்கே அச்சு வெட்டுகிற வேலை. சோப்பின் மேல் பெயர் நேராக விழவேண்டும் என்றால் இரும்பு அச்சில் அதைத் திருப்பி வெட்ட வேண்டும். இடது வலதாகும், வலது இடதாகும். நாலாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். நேர் எழுத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். திருப்பிப் போட்ட எழுத்து என்றால் தண்ணீர் பட்ட பாடு. அதனால் அங்கே எனக்குப் பட்டப்பெயர் ‘தலைகீழ்’. ஒரே ஒரு தடவை, கல்யாணமான புதிதில், ஏதோ நினைப்பில் பெயரை நேராகவே வெட்டித் தொலைத்துவிட்டேன். அன்றைக்கு வந்த சோப்பு முழுவதையும் கண்ணாடியில் காட்டினால்தான் படிக்க முடியும். மேனேஜர் குதித்த குதியில் கூரை அதிர்ந்தது. அப்படிக் கழித்துப் போட்ட சோப்பில்தான் என் பக்கத்துக் காய்களை வெட்டினேன். அது வெள்ளை, குளிக்கிற சோப்பு. எதிர்ப் பக்கம் மஞ்சள், துணி சோப்பு.

எதிர்ப் பக்கம் என் மச்சான். என் சம்சாரத்தின் அண்ணன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். பாய்லர் பார்க்கிற வேலை என்பதால் அவனுக்குப் பெயரே ‘பாய்லர்’ ஆகிவிட்டது. குணமும் அதேதான். எப்போதும் உள்ளே கொதிக்கும், மேலே மூடி இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அரை மணி ஆடுவோம். மணி அடித்தால் பாதியில் விட்டுவிட்டு, பலகையை அலமாரியில் வைத்துப் பூட்டி, மறுநாள் அதே இடத்திலிருந்து தொடருவோம். பூட்டின் சாவி என்னிடம். இன்னொரு சாவி இருந்தால் பூட்டு எதற்கு என்று அதை நானே உருக்கிவிட்டேன்.

முப்பது வருஷம் இப்படி ஆடினோம். சிப்பாய்களை எத்தனையோ முறை புதிதாக வெட்டியாகிவிட்டது. என் ராஜாவையும் ஏழெட்டு முறை வெட்டினேன். தேய்ந்து தேய்ந்து, போகப் போகச் சிப்பாயைவிடக் குட்டையாகிவிடுவார். மச்சானின் ராஜா மட்டும் முதலில் வெட்டியவர் அப்படியே நின்றார். கிரீடத்தின் முனைகூட மழுங்கவில்லை. அவர் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை.

நான் மோசமான ஆட்டக்காரன் என்று நினைக்க வேண்டாம். பத்து ஆட்டத்தில் ஏழில் நான்தான் மேலே இருப்பேன். காய் எண்ணிக்கை சமமாக இருந்தாலும் என் காய்கள் நல்ல இடத்தில் நிற்கும், அவனுடையவை மூச்சு முட்டிக்கொண்டு நிற்கும். பார்க்கிறவன் எவனும் நான்தான் ஜெயிப்பேன் என்பான். ராணி, யானை எல்லாம் வெட்டுப்பட்டுப் போய், ராஜாக்களும் நாலு சிப்பாய்களும் மிஞ்சும்போது ஆரம்பிக்கும் எனக்குச் சனி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையும். மூன்றில் தோற்பேன், ஏழு டிரா.

“கெடைச்சதை இடுப்புல முடிஞ்சுக்கிட்டு நிக்கறவன்யா நீ. முடிச்சை அவுத்தாத்தானே மாப்ளே செலவு பண்ண முடியும்?” என்பான் மச்சான்.

இவன் எனக்குப் புத்தி சொல்லுகிற மாதிரி ஏதோ குழி வெட்டுகிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. மச்சான் மனைவியை இழந்தவன், பிள்ளை இல்லை. ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. லிஃப்ட் கிடையாது. ஐம்பத்து நாலு படி. தினமும் மூன்று மணிக்கு நான் ஏறிப் போவேன். அவன் மேசைக் கடிகாரத்தில் அரை மணிக்கு மணி வைப்பான். அது அடித்ததும் எழுந்துவிடுவேன்.

ஒரு நாள் போனபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். உள்ளேயிருந்து, தரைமட்டத்திலிருந்து, குரல் வந்தது.

“உடைக்காதே மாப்ளே. வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான்.”

உடைத்தேன். குளியலறை வாசலில் கிடந்தான். காலை ஒன்பது மணிக்கு விழுந்திருக்கிறான். ஆறு மணி நேரம். ஒரு காக்கை ஜன்னல் கம்பியில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனதாம். “அதுவும் என்னைக் கூட்டிட்டுப் போக மாட்டேன்னுடுச்சு” என்றான். இடுப்பு எலும்பில் விரிசல். இரண்டு மாதம் கழித்து ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்தான். ஆனால் அந்த ஆறு மணி நேரம் என் மண்டைக்குள்ளிருந்து போகவில்லை. நான் அன்றைக்குத் தலைவலி என்று படுத்திருந்தால்?

எங்கள் வீடு தரைத்தளம். மகன் வேலைக்கு வெளியூர் போனபிறகு ஒரு அறை சும்மா கிடக்கிறது. என் சம்சாரம் தினமும் அண்ணனுக்குச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு ஐம்பத்து நாலு படி ஏறுவாள். அவளுக்கே முட்டி வலி. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவாள். இப்படியே போனால் அடுத்து விழப்போவது யார் என்று எனக்குத் தெரியும்.

“நம்ம வீட்டுக்கு வந்துடுங்கண்ணே” என்று அவள் கேட்காத நாளில்லை.

“தங்கச்சி வீட்டுல போய் உக்காந்தா மொத நாலு நாள் அண்ணே அண்ணேன்னு இருக்கும். அஞ்சாம் நாள் எல்லாரும் கை கழுவிடுவீங்க. நான் பாக்காத வீடா?”

“நாங்க அப்படியா?”

“நீ இல்லம்மா. இவன்.” என்னைக் காட்டினான். “இவன் நெழலையே நம்பாம திரும்பித் திரும்பிப் பாக்கறவன். என் தட்டுல எத்தனை கரண்டி விழுதுன்னு எண்ணுவான்.”

எனக்குக் கோபம் வந்தது. அவன் சொன்னதில் பாதி உண்மை என்பதால் கூடுதலாக வந்தது.

“வர்றதுக்கு என்னதான்யா வேணும் உனக்கு? வெத்தல பாக்கு வெச்சு அழைக்கணுமா?”

“ஒரு ஆட்டம் ஜெயிச்சுக் காட்டு. மறு பேச்சு இல்லாம வரேன்.”

“பேச்சு மாற மாட்டியே?”

“ஒரே ஆட்டம். தோத்தாலும் சரி, டிரா ஆனாலும் சரி, இந்தப் பேச்சை அதோட விட்டுடணும். நீயும் எடுக்கக் கூடாது, இவளும் எடுக்கக் கூடாது. நான் இங்கயே இருந்து இங்கயே போய்ச் சேர்றேன்.”

சிரித்துக்கொண்டே சொன்னான். முப்பது வருஷத்து டிராக்கள் எல்லாம் அவன் பின்னால் வரிசையாக நின்று சிரித்த மாதிரி இருந்தது. நான் எழுதிக் கொடு என்றேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தான்.

“எங்க அண்ணன் மேல நம்பிக்கை இல்லையா உங்களுக்கு?” என்றாள் சம்சாரம், படி இறங்கும்போது.

“உங்க அண்ணன் மேல இருக்கு. அவன் வாய் மேல இல்ல.”

கீழே மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். ஜெயித்தால் வருகிறேன். டிரா ஆனாலோ தோற்றாலோ எவரும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. எல்லாம் சொன்னபடி சரியாக இருந்தது.

“கீழ இன்னொரு வரி இருக்கு. படிக்கட்டுமா?”

“படிங்க.”

“‘மாப்பிள்ளை ஜெயிக்கப் போவதில்லை.’”

ஆட்டம் ஆரம்பித்தது. தினம் அரை மணி. முதல் நாள் இரண்டு பேரும் சிப்பாய்களை மட்டும் நகர்த்தினோம். இரண்டாம் நாள் என் குதிரை அவன் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மூன்றாம் நாள் பெரிய காய்கள் எல்லாம் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு பெட்டிக்குள் போயின. நாலாம் நாள் மணி அடித்தபோது பலகையில் எட்டே காய்கள். ஆளுக்கு ஒரு ராஜா, மூன்று சிப்பாய்.

நிலைமை இதுதான். பலகை கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் இருந்தது. எனக்கு இடப்பக்கம் ஜன்னல், வலப்பக்கம் கதவு. ஜன்னலோர வரிசையில் என் சிப்பாய் ஒருத்தன் தன்னந்தனியாக நின்றான். அவன் வழியை மறிக்க எதிரே எந்தச் சிப்பாயும் இல்லை. நேராக நடந்து மறுகோடியைத் தொட்டால் ராணி ஆகிவிடுவான். கதவுப் பக்கம் என் சிப்பாய் இரண்டு, அவனுடையது இரண்டு, முட்டிக்கொண்டு நின்றன. நடுவில் அவனுக்கு ஒருத்தன் கூடுதல். ராஜாக்கள் இரண்டு பேரும் நடுவில் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்றுக்கு மூன்றுதான். ஆனாலும் நான்தான் மேலே. அந்த ஜன்னலோரச் சிப்பாய்தான் என் சொத்து. அவனை வைத்துத்தான் ஜெயிக்க வேண்டும். மச்சானின் ராஜா அவனை நோக்கி ஏற்கெனவே ஒரு கால் எடுத்து வைத்திருந்தது. அடுத்துக் காயை நகர்த்த வேண்டியவன் நான்.

பலகையை அங்கே விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை. மச்சான் காயை நகர்த்துவான் என்று இல்லை. எறும்பு இருக்கிறது. காற்று இருக்கிறது. வீடு கூட்ட வரும் அம்மா இருக்கிறாள், அவள் ஒரு நாள் என் குதிரையை எடுத்துத் துணிக்குப் போட்டவள். சட்டைப் பையில் ஒரு சோப்பு வில்லை இருந்தது, ஒரு ஆணியும் இருந்தது. இரண்டும் எப்போதும் இருக்கும். எட்டுக் காய்களும் நிற்கிற இடத்தை மளமளவென்று அந்த வில்லையில் கீறிக்கொண்டேன். ஒரு ஆட்டத்தை இப்படிச் செதுக்கி வீட்டுக்கு எடுத்துப் போவது அதுதான் முதல் தடவை.

“அதுக்கு மேல கையெழுத்து வேற வேணுமா?” என்றான் மச்சான்.

“வெச்சுக்கோ. நாளைக்கு ஏறி வரும்போது வாங்கிக்கறேன்.”

அன்று சாயங்காலம் வீட்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டேன். வெள்ளைக்குப் பாட்டில் மூடி, மஞ்சளுக்குப் புளியங்கொட்டை. சோப்பு வில்லையைப் பார்த்துப் பார்த்து வைத்தேன். அந்தத் தனிச் சிப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சானின் ராஜா இரண்டே எட்டில் பக்கத்தில் வந்துவிடும், மூன்றாவதில் தின்றுவிடும். என் ராஜா போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும். வேறு என்ன செய்ய முடியும்? கையில் இருக்கிற ஒரே சொத்து. என் ராஜா வலப்பக்கம் ஒரு கட்டம் நகர வேண்டும். நகர்ந்தால் சிப்பாய்க்குக் காவல். அப்புறம் நடுச் சிப்பாய் ஓட ஆரம்பிப்பானே என்று ஒரு பயம் இருந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் விடிந்ததும் மறுபடி உட்கார்ந்தேன். சம்சாரம் துடைப்பத்தோடு வந்து நின்றாள். கூட்டவில்லை. புளியங்கொட்டைகளைப் பார்த்தாள்.

“ஜெயிச்சிடுவீங்களா?”

“மேல இருக்கேன்.”

“முப்பது வருஷமா மேலதான் இருக்கீங்க.”

ஒரு பாட்டில் மூடியை நகர்த்தி, மறுபடி பழைய இடத்திலேயே வைத்தேன்.

“அந்த ரூமைக் கூட்டித் துடைச்சு வெச்சிருக்கேன்” என்றாள். “கட்டிலைச் சுவரோரமாத் தள்ளியாச்சு. ராத்திரி எழுந்தா சுவத்தைப் புடிச்சுக்கலாம்ல.” சொல்லிவிட்டு என் கட்டங்களைச் சுற்றி மட்டும் கூட்டிவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்குப் படி ஏறினேன். மறந்துபோகக் கூடாது என்று, கடைக்கு அனுப்பின பிள்ளை சாமான் பெயரைச் சொல்லிக்கொண்டே ஓடுகிற மாதிரி, வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஏறினேன். ராஜா வலப்பக்கம் ஒண்ணு. ராஜா வலப்பக்கம் ஒண்ணு. ஐம்பத்து நாலு படிக்கும் ஐம்பத்து நாலு தடவை.

கதவு சாத்தாமல் இருந்தது. மச்சான் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வெயில் காலத்தில் தோளோடு ஒரு துண்டைப் போர்த்தியிருந்தான். பார்த்ததும் சந்தேகம் தட்டியது. துண்டை இழுத்தேன். முழங்கையிலிருந்து கீழே கன்றிப்போய்க் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

“என்னது இது?”

“எறும்பு கடிச்சிடுச்சு.”

“எறும்பு சுத்தியலோட வந்துதா?”

“சும்மா கத்தாதே. நாற்காலியைப் புடிச்சேன். நாற்காலி என்னைப் புடிக்கல. அவ்வளவுதான்.”

“எத்தனை நேரம் கெடந்தே?”

கடிகாரத்தைத் திருகி மணி வைத்தான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. உட்காரக்கூட இல்லை. யோசிக்க வேண்டியதை எல்லாம் வீட்டிலேயே யோசித்தாகிவிட்டது. நின்றபடியே குனிந்து என் ராஜாவை எடுத்து, வலப்பக்கம் ஒரு கட்டம், டொக்கென்று வைத்தேன்.

வைத்த பிறகுதான் பலகையைப் பார்த்தேன்.

என் ஜன்னலோரச் சிப்பாய் இடப்பக்கம் நின்றான். எப்போதும் அங்கேதான் நின்றான். ஜன்னல் இடப்பக்கம்தானே இருக்கிறது. என் ராஜா அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவுப் பக்கம் ஒரு அடி போயிருந்தார்.

சட்டைப் பையிலிருந்து வில்லையை எடுத்துப் பார்த்தேன். திருப்பிச் செதுக்கியிருந்தேன். அந்த ஒரு தடவையைத் தவிர, நாற்பது வருஷம் இந்தக் கை சோப்புக்காக எதையும் நேராக வெட்டினதில்லை. ஆட்டத்தை மட்டும் எப்படி நேராகக் கீறும்? இடது வலதாகியிருந்தது. தரையில் நான் ராத்திரியும் காலையும் பார்த்தது கண்ணாடிக்குள் இருந்த ஆட்டம்.

“மச்சான், தப்பா வெச்சுட்டேன். மாத்தி வெக்கறேன்.”

கையை நீட்டினேன். மச்சான் பலகையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் தன் முழங்கையைப் பார்த்தான், துண்டை எடுத்து மெதுவாக மூடினான். ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே கொஞ்ச நேரம் பார்த்தான். அங்கே எதிர்க் கட்டடத்துச் சுவரைத் தவிர ஒன்றுமில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

“தொட்டா தொட்டதுதான் மாப்ளே” என்றான்.

“யோவ், கை தவறிடுச்சுய்யா!”

“முப்பது வருஷமா இந்த ரூல்ல எத்தனை தடவை என்னை அழ வெச்சிருக்கே? யானையைத் தொட்டுட்டேன்னு ஒரு நாள் பூரா சிரிச்சியே. தொட்டா தொட்டதுதான். உக்காரு.”

உட்கார்ந்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மச்சான் தன் ராஜாவை ஜன்னல் பக்கம் ஒரு கட்டம் நகர்த்தினான். என் சிப்பாயைத் தின்ன வருகிறான். இப்போது நான் ஓடிப் போய்க் காக்க முடியாது, நேரம் கடந்துவிட்டது. வீட்டில் துடைத்து வைத்த அறை ஞாபகம் வந்தது. சுவரோரமாகத் தள்ளிப்போட்ட கட்டில் ஞாபகம் வந்தது. அவளிடம் போய் என்ன சொல்வேன்? திருப்பிச் செதுக்கிவிட்டேன் என்றா?

காக்க வேண்டியது ஒன்றும் இல்லாமல் பலகையைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. முன்பெல்லாம் என் கண் எப்போதும் என் சொத்தின் மேலேயே இருக்கும். அது போனது போனதுதான் என்று ஆன பிறகு, கண் சும்மா மற்ற கட்டங்களில் மேய்ந்தது. மச்சானின் ராஜா என் சிப்பாயைத் தின்ன இன்னும் இரண்டு எட்டுப் போக வேண்டும். போகாமல் இருக்கவும் முடியாது. விட்டால் என் சிப்பாய் நடந்து ராணி ஆகிவிடுவான். போனால்? அவர் ஜன்னல் மூலையில் இருப்பார். இங்கே, கதவுப் பக்கம், அவருடைய மூன்று பிள்ளைகளும் அப்பன் இல்லாமல் நிற்கும். அந்த மூன்றுக்கும் பக்கத்தில் நிற்கிறவர் யார்?

என் ராஜா. தப்பாக வைத்த ராஜா.

விரல் விட்டு எண்ணினேன். நம்பவில்லை. மறுபடி எண்ணினேன். இன்னொரு கையிலும் எண்ணினேன்.

“அரை மணிக்குள்ள எண்ணி முடிச்சிடுவியா, இல்ல கால் விரலும் வேணுமா?” என்றான் மச்சான்.

என் ராஜாவை முன்னால் நகர்த்தினேன். அவன் ஜன்னல் பக்கம் இன்னொரு எட்டு வைத்தான். நான் அவன் நடுச் சிப்பாயைத் தின்றேன். அவன் என் ஜன்னலோரச் சிப்பாயைத் தின்றான். தின்ற காயை என் கையில் கொடுத்தான், எப்போதும் போல. சின்னத் துண்டு சோப்பு. முப்பது வருஷமாக இவனைப் போல எத்தனை பேரை நான் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்று டிரா ஆக்கியிருக்கிறேன் என்று தோன்றியது. அந்தச் சிப்பாய் உயிரோடு இருந்தபோது எனக்கு ஒன்றும் சம்பாதித்துத் தரவில்லை. அவனைத் தின்னப் போன நேரத்தில்தான் சம்பாதித்துக் கொடுத்தான்.

என் ராஜா கதவுப் பக்கம் போனார். மச்சானின் ராஜா மூலையிலிருந்து திரும்பி ஓடி வந்தார். தூரம் அதிகம். நான் ஒரு சிப்பாயைத் தின்றேன். அவர் ஒரு கட்டம் வந்தார். நான் அடுத்ததையும் தின்றேன்.

அப்போது மணி அடித்தது. நான் பழக்கத்தில் எழுந்துவிட்டேன்.

மச்சான் கையை நீட்டிக் கடிகாரத்தின் தலையில் ஒரு அடி வைத்தான். மணி நின்றது.

“உக்காரு. இதுக்கு மேல நாளைக்கு என்ன இருக்கு?”

பலகையில் அவனுடைய ராஜா மட்டும். என் பக்கம் ராஜாவும் இரண்டு சிப்பாய்களும், மறுகோடிக்கு வழி திறந்து கிடந்தது. மச்சான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் ராஜாவைக் கையில் எடுத்துக்கொண்டான். மஞ்சள் நிறம் மங்கி, எலும்பு மாதிரி ஆகியிருந்தது. கிரீடத்தின் முனை விரலில் குத்தும்.

எனக்கு மனசு பொறுக்கவில்லை. எனக்குப் பொய் சொல்ல வராது என்று இல்லை. இந்த விஷயத்தில் வரவில்லை.

“யோசிச்சு வெச்சதில்ல மச்சான் அது. சிப்பாய்க்குக் காவல் போகத்தான் எடுத்தேன். செதுக்கினது திரும்பிடுச்சு.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“நேத்து நீ கீறும்போதே பாத்துட்டுதானே இருந்தேன்? தலைகீழ், வேற எப்படிக் கீறுவான்?”

“அப்புறம் ஏன்யா மாத்தி வெக்க விடல? விட்டிருந்தா நான் காவலுக்குப் போயிருப்பேன். வழக்கம் போல டிரா ஆகியிருக்கும்.”

மச்சான் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

“ரூல் ரூல்தான்யா. எதிர்ல ஆடறவன் தப்புப் பண்ணா நான் ஏன் திருத்தணும்?”

இதை நம்புவதா வேண்டாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. என்னைவிட ஐந்து காய் நகர்த்தல் முன்னால் பார்க்கிறவன் அவன். அந்த ராஜா கதவுப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று நான் உட்காருவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தானா? இல்லை, சட்டம் என்று வந்தால் தன் கழுத்துக்கே வந்தாலும் விடாத பிறவியா? இரண்டில் எதுவாக இருந்தாலும் கேட்டால் சொல்ல மாட்டான். மூடி அப்படி.

“குழாயடிக்கு வா. அப்புறம் கழுவலேன்னு மருந்துக்கடைக்காரர் கிட்ட எழுதி வாங்குவே.”

அறை மூலையில் ஒரு தொட்டி, ஒரு குழாய். அங்கே போய்ச் சேர அவனுக்கு எட்டு அடி. நான் பக்கத்தில் நடந்தேன். கையைப் பிடிக்கவில்லை. பிடித்தால் திட்டுவான். தொட்டி விளிம்பில் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு, குழாயைத் திறந்தான். ராஜாவைத் தண்ணீரில் காட்டி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினான்.

நுரை வரவில்லை. முப்பது வருஷம் காய்ந்த சோப்பு, கல் மாதிரி. கடகடவென்று சத்தம் மட்டும் வந்தது.

“பாத்தியா, இதுவும் உன்னை மாதிரி” என்றேன்.

“தேய்க்கணும். தேய்ச்சா வரும்.”

தேய்த்தான். நான் குழாயைக் கொஞ்சம் குறைத்தேன். நேரம் ஆக ஆக விரல் இடுக்கில் மெல்லிசாக வெள்ளையாக ஏதோ கிளம்பியது. துணி சோப்பு வாசனை அறை பூராவும் வந்தது. கன்றிப்போன முழங்கை வரைக்கும் நுரையைத் தடவிக்கொண்டான்.

“நாலு நாள் பாக்கறேன்” என்றான், தொட்டியைப் பார்த்துக்கொண்டே. “அஞ்சாம் நாள் நீங்க கை கழுவினா…”

“அஞ்சாம் நாளும் மூணு மணிக்கு ஆட்டம் இருக்கு. தோத்தவன் கை கழுவுவான். வேற யாரும் கழுவ வேண்டாம்.”

அவன் சிரிக்கவில்லை. ராஜாவை என்னிடம் நீட்டினான். ஈரமாக, வழுக்கலாக, முனை மழுங்கி இருந்தது. என் சட்டைப் பையில், திருப்பிச் செதுக்கிய வில்லைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். பை நனைந்தது.

படி இறங்க ஆரம்பித்தோம். நான் ஒரு படி கீழே, அவன் ஒரு படி மேலே. கைப்பிடிச் சுவரை அவன் ஈரக்கையால் பிடித்துப் பிடித்து வந்தான். பன்னிரண்டாவது படியில் நின்று மூச்சு வாங்கினான்.

“எத்தனை கரண்டின்னு எண்ண மாட்டியே?”

“எண்ணுவேன்” என்றேன். “கொறைஞ்சா உன் தங்கச்சி கிட்டச் சொல்லிடுவேன்.”